ஃபேஷன் இல்லை, ஃபேஷ்: உருளைக்கிழங்கு விடுமுறையில் ஐந்து நாள்

முதலில் ஒரு குழப்பம். பள்ளி வாசலில் என் மகளுடைய தோழியின் அம்மா, "அக்டோபர் லீவில் ஃபேஷ் இருக்கு, ஃபேஷன் நன் காயலோடு சேர்ந்தது, பெண்ணை அனுப்புங்கள்" என்றார். என் காதில் 'ஃபேஷன்' மட்டும்தான் விழுந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு ஃபேஷன் என்று மனதுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பார்க்கலாம்" என்று நழுவிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மகளே ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பிடில், பேக்பைப், அக்கார்டியன், க்ளார்சாக் எனப்படும் சிறு யாழ், பாட்டு, படி நடனம், நாடகம். ஐந்து நாள், காலை பத்திலிருந்து மூன்றரை வரை. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான காலிக்கில் ஃபேஷ் என்றால் விழா. ஒன்றுக்கு மேல் இருந்தால் ஃபேஷன். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு உச்சரிப்பும் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்து மொழியை ஆங்கிலத்தில் சிலர் 'கேலிக்' என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர் தம் மொழியைச் சொல்லும்போது அது 'காலிக்'. மாற்றிச் சொன்னால் சண்டைக்கு வர மாட்டார்கள். மிக மெதுவாகத் திருத்துவார்கள், அது இன்னும் கூச்சமாக இருக்கும். எனக்கு நடந்தது.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலண்ட்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் சில குடும்பங்கள், பிள்ளைகளை இதற்கு அனுப்பலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பக் கை வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஊர் பெயர் சொல்லப்போவதில்லை. மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊர். சொல்லப்போகிறவற்றில் குறைகளும் உண்டு. அடுத்த வாரம் கூட்டுறவுக் கடையில் இதை நடத்துகிறவர்கள் முகத்தில் நான் விழித்தாக வேண்டும்.

நான் தொழிலால் கணக்குப் பிள்ளை. சால்மன் பண்ணைகளுக்கு வலை பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆகவே காசிலிருந்தே தொடங்குகிறேன். ஐந்து நாளுக்கு எழுபத்தைந்து பவுண்ட். இரண்டாவது பிள்ளைக்குக் குறைவு. வாத்தியம் இல்லாவிட்டால் சிறு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கட்ட முடியாதவர்கள் பொருளாளரிடம் காதோடு சொன்னால் போதும், மேற்கொண்டு கேள்வி இல்லை. இந்தக் கடைசி வரி படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. படியுங்கள். விடுமுறையில் வேறு எந்தப் பகல் முகாமில் விட்டாலும் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், அங்கே பிள்ளை வண்ணத்தாள் வெட்டிக்கொண்டு வரும்.

அக்டோபர் விடுமுறைக்கு இங்கே பெரியவர்கள் வைத்திருக்கும் பெயர் 'உருளைக்கிழங்கு விடுமுறை'. ஒரு காலத்தில் கிழங்கு அகழப் பிள்ளைகளின் கை வேண்டியிருந்ததால் பள்ளியை மூடினார்களாம். இப்போது கிழங்கும் இல்லை, சுற்றுலாக்காரரும் இல்லை. செப்டம்பர் முடிந்ததும் தங்கும் விடுதிகளில் 'இடம் இருக்கிறது' பலகை தொங்க ஆரம்பிக்கும், மழை பக்கவாட்டில் பெய்யும், நாலரைக்கே மனசு இருட்டும். அந்த வாரத்தில்தான் ஒன்பது ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் வியாபாரம் தெரிந்தவர் என்று அப்போதே நினைத்தேன்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் இதன் குணம் புரியும். மேற்குத் தீவுகளின் தென்கோடியில் பாரா என்று ஒரு தீவு. ஆயிரத்துச் சொச்சம் பேர். விமானம் கடற்கரை மணலில் இறங்கும்; கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துத்தான் அட்டவணையே போடுவார்கள். அந்தத் தீவில் 1981ல் சிலர் கூடி, நம் பாட்டும் வாசிப்பும் நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லையே என்று கவலைப்பட்டு, தாங்களே ஒரு விழாவாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஃபேஷ் வர்ரய் என்று பெயர். அதைப் பார்த்து மற்ற ஊர்களும் செய்தன. ராஸ்-ஷயர் பக்கத்தில் 1986ல் ஃபேஷ் ரோஷ் தொடங்கியது. இன்று அது ஆண்டு முழுக்க இயங்கும் பெரிய அமைப்பு. 1988ல் எல்லாருக்கும் பொதுவாக ஃபேஷன் நன் காயல் என்ற தாய் அமைப்பு வந்தது. தலைமையிடம் ஸ்கை தீவின் போர்ட்ரீ. இன்று 40க்கும் மேற்பட்ட ஊர் ஃபேஷ்கள் அதன் கீழ் இருக்கின்றன. காப்பீடு, ஆசிரியர் பயிற்சி, பிள்ளைகள் பாதுகாப்பு விதிகள், மானியம் போன்ற தலைவலிகளைத் தாய் அமைப்பு தாங்கிக்கொள்ளும். எந்த வாத்தியம், யார் ஆசிரியர், டீக்கு என்ன பிஸ்கட் என்பதெல்லாம் ஊர்க்குழுவின் முடிவு. மேலிருந்து இறக்கிய திட்டம் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் எதுவும் நேரத்துக்குத் தொடங்காது.

முதல் நாள் தீவிலிருந்து வரவேண்டிய பாட்டு ஆசிரியர் வரவில்லை. காற்றில் படகு ரத்து. அவருக்குப் பதிலாக ஊரிலேயே ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் வந்து நின்று, தன் பாட்டியிடம் கேட்ட பாட்டு ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கம்பளி நெய்ததும் அதை ஊறவைத்து, மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, தாளத்தோடு அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அப்போது பாடும் பாட்டு. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பொருளில்லாத அசைகளில் பல்லவி வாங்குவார்கள். தந்தானே தானே என்று நாற்று நடும்போது வாங்குவது போலத்தான். எதில் ஊறவைப்பார்கள் என்று ஒரு பையன் கேட்டான். "பழைய மூத்திரத்தில்" என்று அந்த அம்மாள் முகம் மாறாமல் சொன்னதும் அறையே அதிர்ந்தது. அந்தப் பாட்டை இனி அந்தப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்காது. மறுநாள் 'உண்மையான' ஆசிரியர் வந்து சேர்ந்தபோது பாதிப் பேர் நர்ஸம்மாவே வேண்டும் என்றார்கள்.

பிடில் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும். என் மகள் இரண்டு வருடமாக இணையத்தில் கர்நாடக வயலின் படிக்கிறாள். தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டித்தான் அவளுக்குப் பழக்கம். இங்கே எல்லாரும் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ, தாடைக்கடியில் வைத்து, வேறு சுருதியில் வாசிக்கிறார்கள். முதல் நாள் மகள் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், வயிற்றைப் பிசைந்தது. ஆசிரியை இருபத்திரண்டு வயதுப் பெண், காலில் மண் ஒட்டிய பூட்ஸ். அவள் தானும் தரையில் உட்கார்ந்து, "அப்படியே வாசித்துக் காட்டு" என்றாள். மகள் மோகனத்தில் ஏதோ கொஞ்சம் இழைத்தாள். ஆசிரியை, "அந்த வளைவு இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடாதே" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் அவளை எழுப்பி நிற்கவைத்தாள்.

தாள் கிடையாது, நோட்டு கிடையாது. ஆசிரியை நாலு ஸ்வரம் வாசிப்பாள், பிள்ளைகள் திருப்பி வாசிப்பார்கள். பிறகு எட்டு. பிறகு இரண்டையும் ஒட்டவைப்பாள். காதால் வாங்கிக் கையால் கொடுப்பது. இது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பள்ளியில் தாளைப் பார்த்தே வாசித்துப் பழகிய பிள்ளைகள் முதல் நாள் அழாத குறைதான். இரண்டாம் நாள் பழகிவிட்டார்கள். ஐந்து நாளில் நான்கு ஆட்ட மெட்டு: ஒரு ரீல், இரண்டு ஜிக், ஒரு ஸ்ட்ராத்ஸ்பே. கடைசி வகை ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரால் வந்தது. அதில் குறிலை முதலில் வெடுக்கென்று போட்டுவிட்டு நெடிலில் சாய்கிற ஒரு தாளக் குணம் உண்டு. காலிக் பேச்சின் அழுத்தமே அந்தத் தாளத்தில் இறங்கியிருக்கிறது என்பார்கள். மகள் மூன்று நாள் கழித்து, "அம்மா, அந்தப் பாட்டு டீச்சர் பேசும்போதும் அதே மாதிரி வெட்டி வெட்டித்தான் பேசுறாங்க" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

குறை என்றால், தொடக்கநிலை வகுப்பில் பதினான்கு பேர். பதினான்கு பிடிலையும் ஒருத்தியே சுருதி சேர்க்க முதல் நாள் முக்கால் மணி நேரம் போனது. நாலு பேர் சுருதி சேர்ந்ததும் முதல் ஆளுடையது இறங்கிவிடும், அறை அவ்வளவு குளிர். உதவிக்கு ஒரு பெரிய பையனை நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் நாள் நிறுத்தினார்கள்; நானே போய்ச் சொன்னேன் என்பதால் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

இங்கே போட்டி இல்லை. இதைத் தமிழ்ப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி "கப் உண்டா?" என்பதுதான். காலிக் உலகில் போட்டிக்கென்று மாட் இருக்கிறது. அதன் முதல் விழா 1892ல் ஓபன் என்ற மேற்குக் கரை ஊரில் நடந்தது, இன்றும் ஆண்டுதோறும் அக்டோபரில் ஊர் மாற்றி ஊர் நடக்கிறது. மதிப்பெண், நடுவர், தங்கப்பதக்கம் எல்லாம் அங்கே. ஃபேஷில் கடைசி நாள் மேடையில் எல்லாரும் ஏறுவார்கள், தப்பாக வாசித்தாலும் பெஞ்சைத் தட்டுவார்கள். என் மகளுக்குப் பக்கத்தில் நின்ற பையன் பாதி மெட்டுக்கு வில்லைக் காற்றில்தான் ஓட்டினான். அவன் அப்பா எழுந்து நின்று விசிலடித்தார். நான் முதலில் சங்கடப்பட்டேன். ஐந்து நிமிடத்தில் நானும் தட்டினேன்.

சரி, ஊருக்கு இதனால் என்ன? பொதுவாக, 'கலைவிழாவால் பொருளாதார நன்மை' என்று யாராவது தொடங்கினால் நான் பேனாவை மூடிவிடுவேன். ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் எண்டர்பிரைஸ் என்ற அரசு வளர்ச்சி அமைப்பு 2014ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. காலிக்கை ஒரு சொத்தாகப் பயன்படுத்தினால் ஸ்காட்லாந்துப் பொருளாதாரத்துக்கு அதன் சாத்திய மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 82 முதல் 149 மில்லியன் பவுண்ட் வரை என்றது. இந்த 'சாத்திய' என்ற சொல்லையும், இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் அகலத்தையும் பார்த்தாலே கணக்கு எழுதுகிறவளுக்குச் சிரிப்பு வரும். அதற்காக அது பொய் என்று சொல்லவில்லை. பெரிய எண் எனக்கு எதையும் காட்டவில்லை என்கிறேன். எனக்குப் புரிந்தது வேறொரு இடத்தில்.

டீ வைக்கும் வேலையில் என் முறை வந்த நாள், பிடில் ஆசிரியை சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வருமான வரிப் படிவத்தில் ஏதோ சந்தேகம். நான் கணக்குப் பார்ப்பவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேச்சுவாக்கில் அவள் பிழைப்பு முழுவதும் என் முன்னால் விரிந்தது. எட்டு வயதில் இதே ஹாலில் இதே ஃபேஷில் வாடகை பிடிலோடு தொடங்கினாள். பிறகு ப்ளாக்டன் உயர்நிலைப் பள்ளியோடு இணைந்த மரபிசைப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். அரசு பணத்தில் 2000லிருந்து நடப்பது. இப்போது வாரத்தில் மூன்று நாள் தொடக்கப் பள்ளிகளில் மரபிசை சொல்லிக்கொடுக்கிறாள்; 2003லிருந்து ஸ்காட்லாந்து அரசு பணத்தில் நடக்கும் இளையோர் இசைத் திட்டத்தில், தாய் அமைப்பின் வழியாக வரும் வேலை. கோடையில் பயணிகளுக்காக ஹோட்டல்களில் கேய்லி, அதாவது ஆட்டமும் பாட்டுமான கூட்டங்களில் வாசிப்பு. பதின்வயதில் அப்படி ஒரு கோடைச் சுற்றில் சம்பளத்துக்கு வாசித்ததுதான் அவளுடைய முதல் வருமானமாம். ஜனவரியில் கிளாஸ்கோவில் கெல்டிக் கனெக்ஷன்ஸ் இசை விழா சமயத்தில் ஒரு குழுவோடு இரண்டு மேடை. விடுமுறைகளில் இப்படி மூன்று நாலு ஊர் ஃபேஷ்.

ஐந்தாறு இடத்திலிருந்து துண்டு துண்டாக வருகிற காசு. எதுவும் தனியாக ஒரு வாடகைக்குக் கூடப் போதாது. எல்லாம் சேர்ந்தால், அவள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கப் போதும். அதிலே ஒரு துண்டை உருவினாலும் மற்றவை நிற்காது. சால்மன் வலையில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பட்டறையில் தினமும் பார்க்கிறேன். இதை எந்த அறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மிச்சக் கணக்கு எளிது. ஒன்பது ஆசிரியர்களுக்கும் சம்பளம் உண்டு. சிலர் ஊர் வீடுகளில் தங்கினார்கள், சிலர் காலியாகக் கிடந்த இரண்டு விடுதிகளில். மூன்று மைல் தள்ளி ஒரு விடுதிக்கார அம்மாள், அக்டோபரில் தனக்கு வந்த ஒரே வரவு அதுதான் என்றார். ஹால் வாடகை ஹால் குழுவுக்கே போகிறது. அதில்தான் கூரை ஒழுகல் அடைக்கிறார்கள். பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வருவதற்கு முப்பது மைல் என்பதால் ஊரிலேயே சுற்றுகிறார்கள், டீக்கடையில் உட்கார்கிறார்கள், டயர் மாற்றுகிறார்கள். நான் அந்த வாரத்தில் முடிவெட்டிக்கொண்டேன். ஆனால் இதெல்லாம் சில்லறை. கணக்கிலேயே வராத பெரிய தொகை ஒன்று இருக்கிறது. நேரம். குழுவில் எட்டுப் பேர், யாருக்கும் ஒரு பென்னி கிடையாது. மானிய விண்ணப்பம் எழுதுகிறவர், வேனில் யாழ்களை ஏற்றி இறக்குகிறவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வாமை என்ன என்று பட்டியல் வைத்திருப்பவர். அந்த மணிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி போட்டாலே அவர்கள் வாங்கும் மானியத்தைத் தாண்டிவிடும் என்று என் மனக்கணக்கு சொல்கிறது. கொடுப்பவர்கள் ஆண்டுக்காண்டு யோசித்துக் கொடுக்கிறார்கள், செய்பவர்கள் யோசிக்காமல் செய்கிறார்கள்.

இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. மருந்துக்கடைக்காரர், பள்ளி வாசல் அம்மாக்கள், அலுவலகம் என்று மொத்தம் இருபது பேரைத் தெரியும். அந்த ஐந்து நாளில் கப் கழுவிக் கழுவியே அறுபது பேரைத் தெரிந்துகொண்டேன். யார் வீட்டில் ஆடு தொலைந்தது, யாருடைய மகன் அபர்டீனிலிருந்து திரும்பி வந்துவிட்டான் என்பது வரை இப்போது என்னிடம் செய்தி உண்டு. ஒரு முதியவர், நான் பாத்திரம் துடைக்கும்போது பக்கத்தில் நின்று, பள்ளியில் காலிக் பேசியதற்குத் தன் அப்பா அடி வாங்கியதைச் சொன்னார். 1872ல் வந்த கல்விச் சட்டத்தில் காலிக் என்ற பெயரே இல்லை, ஆங்கிலத்தில்தான் எல்லாம். அப்பா அதனால் பிள்ளைகளிடம் காலிக்கில் பேசவேயில்லை. "எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்தார்" என்றார் முதியவர். அவருடைய பேத்தி அடுத்த அறையில் வாய்ப்பாட்டு ரீல் படித்துக்கொண்டிருந்தாள். வாத்தியமே இல்லாமல், ஆடுவதற்காக வாயால் தாளமும் மெட்டும் பின்னும் பாட்டு, நம் ஜதி மாதிரி வேகம். அவருக்கு அதில் பாதிச் சொல் புரியவில்லை. கதவருகே நின்று கேட்டார், உள்ளே போகவில்லை.

இங்கேதான் என் பெரிய புகார். விளம்பரத் தாளில் 'காலிக் கலைகள்' என்று போட்டிருந்தார்கள். கலைகள் இருந்தன. காலிக்? காலையில் "மட்டிஞ் வா" என்று வணக்கம், டீ கொடுத்தால் "தபா லேவ்" என்று நன்றி, பாட்டு வகுப்பில் வரிகள், முதல் வகுப்புக்கு முன் பதினைந்து நிமிட மொழி விளையாட்டு. மற்றபடி ஆங்கிலம்தான். ஆசிரியர்களில் ஐந்து பேர் சரளமாகப் பேசக்கூடியவர்கள். தங்களுக்குள் டீ நேரத்தில் காலிக்கில் சிரித்துக்கொண்டார்கள், பிள்ளைகள் பக்கம் திரும்பியதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். கேட்டால், பாதிப் பிள்ளைகளுக்குப் புரியாது என்றார்கள். உண்மைதான். என் மகளுக்கும் புரியாது. ஆனால் "வில்லை எடு", "திரும்பவும்", "மெதுவாக", "இன்னும் ஒரு தடவை" என்ற நாலு சொல்லை ஐந்து நாளும் காலிக்கிலேயே சொல்லியிருந்தால் எந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போயிருக்கும்? மெட்டைத் தாளில்லாமல் காதால் வாங்க முடிகிறவர்களுக்கு நாலு சொல்லை வாங்க முடியாதா?

எண்களைப் பார்த்தால் ஏன் இதற்கு இவ்வளவு படபடக்கிறேன் என்று புரியும். 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் காலிக் பேசுகிறவர்கள் சுமார் 69,700. 2011ல் 57,000 சொச்சம். கூடியிருக்கிறது, 1985ல் தொடங்கிய காலிக் வழிக் கல்வியும் இதில் ஒரு பங்கு என்பது என் எண்ணம். ஆனால் மொழியின் தாய்வீடான மேற்குத் தீவுகளில் பேசுகிறவர்கள் மக்கள்தொகையில் 52 சதவீதத்திலிருந்து 45 ஆகிவிட்டார்கள். பாதிக்கும் கீழே. 2025ல் வந்த சட்டம் காலிக்குக்கு அதிகாரப்பூர்வத் தகுதி கொடுத்திருக்கிறது. சட்டம் வாழ்த்துச் சொல்லும். சமையலறையில் பேசுவது வேறு. பிடில் எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. மொழிக்கு இந்த மாதிரி நாலு ஹாலை விட்டால் வேறு இடம் இல்லை.

எல்லா ஃபேஷும் இப்படி இல்லை என்று குழுத் தலைவி சொன்னார். முழுக்கக் காலிக்கிலேயே நடப்பவையும் உண்டாம், ஆசிரியர்களுக்கு அதற்கென்று பயிற்சியும் உண்டாம். எங்கள் ஊரில் ஏன் இல்லை என்றேன். "உங்கள் மகளிடம் வீட்டில் தமிழில் பேசினால் எந்த மொழியில் பதில் வருகிறது?" என்று திருப்பிக் கேட்டார். நான் அடுத்த கப்பைக் கழுவப் போய்விட்டேன்.

சாப்பாடு: மதியத்துக்கு நீங்களே கட்டிக்கொடுக்க வேண்டும், கடலை கூடாது. புதன் இரவு ஆசிரியர்களின் கேய்லி. அதற்கு மட்டும் சூப்பும் ரொட்டியும் உண்டு. சைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பருப்பு சூப் என்றதும் நான் குதூகலமாகக் கிண்ணத்தை நீட்டிவிட்டேன். இரண்டாவது கரண்டியில்தான் அடியில் பன்றிக்கறி எலும்பு தட்டுப்பட்டது. இந்த நாட்டில் பருப்பு சூப்புக்கு அதுதான் ருசி. கேட்டுவிட்டு வாங்குங்கள். கேய்லியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, போய்ப் பார்க்க வேண்டும். ஒன்பது பேரும் ஒன்றாக வாசித்தபோது என் கணவர், கல்யாணத்திலேயே ஆடாதவர், எழுந்து எட்டுப் பேர் வட்டத்தில் போய் நின்று, தவறான திசையில் சுழன்று, ஒரு போலீஸ்காரர் மேல் மோதினார்.

பதிவு செய்வது பற்றி: கோடைக்குப் பிறகு ஒரு மாலையில் திறக்கும், அன்று இரவே பிடில் நிரம்பிவிடும். யாழில் எப்போதும் இடம் இருக்கும். பிள்ளையின் விரல் வலி முதல் இரண்டு நாள்தான். ஐந்திலிருந்து எட்டு வயதுச் சிறுவர்களுக்கு 'சின்ன ஃபேஷ்' தனியாக, காலை மட்டும். பெரியவர்களுக்கு எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை. பெற்றோருக்கும் ஒரு மணி நேரம் மொழி வகுப்பு வைத்தால் நான் முதல் வரிசையில் உட்காருவேன் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கடைசி நாள் கச்சேரி முடிந்து ராஃபிள், அதாவது பரிசுச்சீட்டு, குலுக்கினார்கள். எனக்கு ஒரு பாட்டில் குளியல் உப்பு விழுந்தது. எல்லாரும் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோது பொருளாளர், எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற தபால்காரர், ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீங்கள் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மூன்று வங்கிகளின் மூன்று விதமான பத்துப் பவுண்ட் நோட்டுகள், ஒரு பை நிறையச் சில்லறை, ஒரு சட்டைப் பொத்தான். இரண்டு தடவை எண்ணினேன். டிக்கெட் அடிக்கட்டைக்கும் காசுக்கும் இரண்டு பவுண்ட் நாற்பது பென்ஸ் வித்தியாசம் வந்தது, கூடுதலாக. "எப்போதும் கூடத்தான் வரும்" என்றார். பதினாறு வருடமாக அவரே கணக்கு வைத்திருக்கிறாராம், கண் சரியில்லையாம், அடுத்த கூட்டம் நவம்பரில்தானாம். கோட்டுப் பையிலிருந்து நீல அட்டை போட்ட ஒரு பேரேட்டை எடுத்து டப்பாவின் மேல் வைத்தார்.

சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றுதான் வாங்கி வந்தேன். மார்ச் ஆகிவிட்டது, இன்னும் என் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. நவம்பர் கூட்டத்திலிருந்து எழுத்தும் என்னுடையது.